பூச்சுக்குப் பின்னால் இருக்கும் வீடு

நியூயார்க் நகரத்தில் வீடு வாங்கப் புறப்பட்டவர் யாராயிருந்தாலும், புறப்பட்ட முதல் வாரத்திலேயே ‘பிரீ-வார்’ என்ற சொல்லைப் பத்துத் தடவையாவது கேட்டுவிடுவார். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னால் கட்டப்பட்டது என்பதற்கு மேல் அச்சொல்லுக்குப் பொருள் கிடையாது. ஆயினும் தரகரின் வாயில் புகுந்து புறப்படும்போது, கனத்த சுவர், உயர்ந்த கூரை, இழைத்துப் பதித்த மரத்தரை, வாசலைக் கடந்தவுடன் எதிர்கொள்ளும் சிறு முன்னறை, பக்கத்து வீட்டுக்காரரின் தும்மல் காதில் விழாத நிசப்தம் ஆகிய சகல லட்சணங்களையும் ஒரே மூச்சில் உச்சரித்துவிடும் மந்திரமாக அது மாறிவிடுகிறது. அதனோடு ‘ரெனோவேட்டட்’ என்ற மற்றொரு மந்திரமும் சேர்ந்துகொண்டால் வீட்டின் விலை ஏறுகிறது, வாங்குபவரின் விவேகம் இறங்குகிறது. இவ்விரண்டு சொற்களில் முன்னதைப் பெரும்பாலும் நம்பலாம், பின்னதை நிரூபணமாகும்வரை நம்பலாகாது என்பது என் அபிப்பிராயம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த அபிப்பிராயத்துக்கான காரணங்களே.

பொதுப்படப் பேசுவதில் பயனில்லை. ஆகையால் எனக்குப் பழக்கமான ஒரு பேட்டையையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். குவீன்ஸ் பகுதியிலுள்ள ஜாக்ஸன் ஹைட்ஸ் என்பது அதன் பெயர். 1909ஆம் ஆண்டில் மன்ஹாட்டனையும் குவீன்ஸையும் இணைக்கும் குவீன்ஸ்பரோ பாலம் திறக்கப்பட்ட காலத்தில், எட்வர்டு மக்டூகல் என்பவர் தலைமையில் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் என்ற கம்பெனி அங்கே பயிர் விளைந்துகொண்டிருந்த நிலங்களை வாங்கிப் போட்டது; 1917ல் வீதிக்கு மேலாகத் தூக்கிக் கட்டிய பாதையில் ரயிலும் வந்து சேரவே, மன்ஹாட்டன் குமாஸ்தாவுக்கும் குடும்பஸ்தருக்கும் அந்த நிலம் எட்டும் தூரமாயிற்று. வீதியை ஒட்டிச் சுற்றிலும் கட்டடங்களை நிறுத்தி, நடுவே ஒரு முழு வரிசைக்கும் பொதுவாகத் தோட்டத்தை வைத்து, ஒவ்வொரு குடித்தனத்துக்கும் ஒரு ஜன்னல் வீதியைப் பார்க்க, மறு ஜன்னல் மரங்களைப் பார்க்கும்படி அமைத்தார்கள். நம் பக்கத்து நாலுகட்டு வீட்டின் முற்றத்தை ஒரு தெரு நீளத்துக்கு இழுத்துவிட்டதுபோல் இருக்கும் அவ்வமைப்பு. லிண்டன் கோர்ட், ஷாட்டோ, டவர்ஸ் என்னும் புகழ்பெற்ற தொகுதிகளை ஆண்ட்ரூ தாமஸ் என்ற கட்டடச் சிற்பி 1919ஆம் ஆண்டு தொடங்கி ஆறேழு வருஷங்களில் அமைத்துக் கொடுத்தார். இவ்வளவு அழகும் யாருக்காக என்று கேட்டால் பதில் அத்தனை அழகாக இராது: யூதருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடமில்லை என்ற நிபந்தனையோடுதான் அந்தப் பேட்டை ஆரம்பமாயிற்று. இன்று அதே தாழ்வாரங்களில் வங்காளியும் ஸ்பானிஷும் திபெத்திய மொழியும் ஒன்றன்மேலொன்று மோதிக் கேட்பதும், 74ஆம் வீதிக் கடைகளில் கறிவேப்பிலைக்கும் முருங்கைக்காய்க்கும் பஞ்சமில்லாதிருப்பதும் காலம் தன் போக்கில் கொடுத்த பதில் என்றே கொள்ள வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் அங்கே நாட்டம் கொள்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. 7ஆம் எண் ரயிலில் ஏறினால் பிளஷிங்கில் இறங்கி, 1977ல் கும்பாபிஷேகம் கண்ட மகா வல்லப கணபதி கோயிலுக்குப் போய்வரலாம். தரிசனம் முடிந்தபின் கோயில் உணவகத்துத் தோசையையும் ஒரு கை பார்க்கலாம்.

பேட்டை ஜீவனோடு இருக்கிறது என்பதே அதன் பெருமை. அதுவே அதன் உபத்திரவமும்கூட. ரூஸ்வெல்ட் அவென்யூவின் மேல் ஓடும் ரயில் இரும்புத் தூண்களை நடுக்கிக்கொண்டு போகும் சத்தம், அந்த வீதியை ஒட்டிய குடித்தனங்களில் பேச்சை இடையில் நிறுத்தி மறுபடியும் தொடங்கும் ஒரு நாகரிகத்தையே உண்டாக்கியிருக்கிறது. வடக்கே லகார்டியா விமான நிலையம்; காற்றடிக்கும் திசைக்கேற்ப விமானங்கள் தலைக்கு மேல் தாழ்ந்து போகும் நாளும் உண்டு, ஒன்றுமே கேளாத நாளும் உண்டு. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தரகர் குறித்த நேரத்தில், அவர் ஏற்றி வைத்த வாசனை மெழுகுவத்திக்கு நடுவே வீட்டைப் பார்த்துவிட்டு ஆனந்தமடைவது போதாது. வார நாளில் மாலை ஏழு மணிக்கு ஒரு தடவையும், நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் ஒரு தடவையும் போய்ப் பார்க்க வேண்டும். கீழ்த்தளத்தில் உணவுக்கடை உள்ள கட்டடமானால், குப்பை மூட்டைகளை நடைபாதையில் வைக்கும் இரவிலும் ஒரு நடை நடந்து, மூட்டைகளைச் சுற்றி என்னென்ன ஜீவராசிகள் வருகின்றன என்று கண்ணாரக் காண்பது உத்தமம். 2020 முதல் 34ஆம் அவென்யூவை ஒரு மைலுக்கு மேல் பகல் வேளைகளில் மோட்டார்களுக்கு அடைத்து நடப்போருக்கும் குழந்தைகளுக்கும் விட்டிருக்கிறார்கள். அதை ஒட்டிய வீட்டில் சைக்கிள் மணியும் பிள்ளைகளின் கூச்சலும் மாலைவரை கேட்கும். எனக்கு அது பிடிக்கும். பகலில் தூங்கி இரவில் வேலைக்குப் போகும் நர்ஸ் ஒருவருக்கு அது பிடிக்குமென்று சொல்ல முடியாது.

இனி உள்ளே நுழைவோம்.

சுவரிருந்தால்தான் சித்திரம் என்பார்கள். புதுப்பித்த வீட்டிலோ சித்திரம் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. சுவர் எங்கே என்று நாம்தான் தேட வேண்டியிருக்கிறது. வெள்ளைக் கல் பதித்த சமையல் மேடை, கூரைக்குள் புதைத்த விளக்குகள், சாம்பல் நிறச் சாயம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் எந்த வீடும் ஒரு வருஷத்துக்கு அழகாயிருக்கும். ஆகையால் என் முதல் யோசனை, சமையலறையையும் குளியலறையையும் விட்டுவிட்டு, துணிமணி வைக்கும் அலமாரி அறையின் கதவைத் திறந்து தலையை உள்ளே நீட்டுங்கள் என்பதே. புதுப்பிப்பவர் பணத்தைக் கண்ணில் படும் இடத்தில் செலவழிப்பார். அலமாரி அறைக்குள் அநேகமாகப் போகமாட்டார். அங்கேதான் கட்டடத்தின் அசல் கூரை எவ்வளவு உயரம் என்பதும், கூடத்தில் எத்தனை அங்குலத்தைப் பொய்க்கூரை விழுங்கியிருக்கிறது என்பதும் தெரியவரும். தரையின் பழைய பலகை, நீர்க்கசிவு விட்டுப்போன தேநீர் நிறத்து வளையம், கதவுச் சட்டத்தின் விளிம்பில் மரத்தின் வளைவே தெரியாதபடி ஏறியிருக்கும் சாயப் படலங்கள் ஆகிய யாவும் அந்த இருட்டில் சாட்சி சொல்லக் காத்திருக்கும். அந்தச் சாயத்தில் ஈயம் இருக்குமென்றே வைத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க் நகரம் வீடுகளில் ஈயச் சாயத்தைத் தடைசெய்ததே 1960ல்தான். கைக்குழந்தை உள்ளவர்கள், புதுப்பிக்கும்போது பழைய சாயத்தை யார், எம்முறையில் சுரண்டினார்கள் என்று கேட்டு, தூசியைப் பரிசோதித்த சான்று இருந்தால் வாங்கிப் பார்க்க வேண்டும்.

அடுத்தபடியாகச் சட்டைப் பையில் ஒரு கோலிக்குண்டு வைத்துக்கொண்டு போகச் சொல்வேன். கூடத்தின் நடுவில் அதை விட்டால் அது எங்கேனும் ஓரிடத்துக்கு ஓடத்தான் செய்யும். நூறு வயதான கட்டடத்தில் ஓடாமல் நின்றால்தான் ஆச்சரியம். மெதுவாக ஓடிச் சுவரோரம் நின்றால் அது முதுமை. குளியலறைச் சுவரை நோக்கி விரைந்து ஓடினால், அங்கே ஆண்டுக்கணக்கில் நீர் இறங்கி அடியிலுள்ள மரத்தை அரித்திருக்கக்கூடும். எஞ்சினியர் ஒருவரை அழைத்துக் காட்டாமல் மேற்கொண்டு அடி எடுத்து வைக்கக் கூடாது.

நீரைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். குளியலறை ஷவரைத் திறந்துவிட்டு, சமையலறைக் குழாயையும் திறந்துவிட்டு, கழிவறைத் தொட்டியின் பிடியை அழுத்துங்கள். ஷவர் நூலாக இளைத்துப் போனால், புத்தம் புதிய ஓடுகளுக்குப் பின்னால் அன்றைய நாகமுலாம் பூசிய இரும்புக் குழாயே உட்புறம் துருவேறிக் குறுகிக் கிடக்கிறது என்று அனுமானிக்கலாம். முதல் தண்ணீர் மங்கிய செம்மண் நிறமாய் வந்தாலும் அதே அனுமானம்தான். வீட்டுக்குள் ஓடும் குழாய்களைப் புதுப்பித்தவர் மாற்றியிருக்கலாம்; ஆனால் தளத்துக்குத் தளம் ஏறிச் செல்லும் தாய்க்குழாய் கட்டடத்துக்குச் சொந்தம், அதை எப்போது மாற்றினார்கள் என்பது கட்டடத்தின் சூப்பருக்குத்தான் தெரியும். சூப்பர் என்று அங்கே எல்லோரும் அழைக்கும் அந்தப் பராமரிப்பாளரோடு, தரகர் பக்கத்தில் இல்லாத வேளையில், கால் மணி நேரம் பேசுவது வேறெந்தப் பரிசோதனைக்கும் நிகரானது. எந்த வரிசையில் அடிக்கடி கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். வரிசை என்றால் ஒன்றன்மேலொன்றாக ஒரே குழாயைப் பகிர்ந்துகொள்ளும் குடித்தனங்கள். அவர் ‘சி வரிசை’ என்று சொல்லி, நீங்கள் பார்க்க வந்தது 4-சி ஆனால், விலை பேசும்போது அந்த ஒரு சொல் உங்களுக்குச் சில ஆயிரம் டாலர் பெறும்.

இனி ரேடியேட்டர். ஜன்னலுக்குக் கீழே நிற்கும் அந்த வார்ப்பிரும்பு வெப்பக்கருவியை நாம் அலங்காரப் பொருளாக எண்ணி ஏமாறுகிறோம். பழைய கட்டடங்களில் பெரும்பாலும் ஒரே குழாய் வழியாக நீராவி மேலே ஏறுகிறது. குளிர்ந்து நீரானபின் அதே குழாய் வழியாகவே கீழே இறங்குகிறது. ஏறுகிறதும் இறங்குகிறதும் ஒரு பாதையில் நடக்கவேண்டுமானால், ரேடியேட்டர் குழாய்ப் பக்கமாகச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். புதிய தரை போடுகிறவர் இதை அறியாமல் அதை ஒழுங்காக மட்டம் பார்த்து வைத்துவிடுகிறார்; அல்லது மறுபக்கம் சாய்த்துவிடுகிறார். அவ்வளவுதான்: வடிய வழியின்றித் தேங்கிய நீரை நீராவி மோதித் தள்ள, நடுராத்திரியில் யாரோ சம்மட்டியால் குழாயை அடிப்பதுபோல் ஓசை கிளம்பும். அடியிலுள்ள வால்வைப் பாதி திறந்து வைத்தாலும் இதே கதிதான்; முழுக்கத் திறக்க வேண்டும், அல்லது முழுக்க மூட வேண்டும், நடுவழி கிடையாது. ஒரு சிறு நீர்மட்டக் கருவியை ரேடியேட்டரின் தலைமேல் வைத்துப் பார்ப்பதற்கு அரை நிமிஷம் போதும். ரேடியேட்டரை அழகான மரப்பெட்டிக்குள் மூடி மறைத்திருந்தால், பெட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்வதில் கூச்சமே வேண்டாம். பல வீடுகளில் வெப்பம் தாங்காமல் பனிக்காலத்து நடுவிலும் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதைப் புதிதாக வருபவர் கண்டு வியப்பார். 1918ஆம் ஆண்டு விஷக்காய்ச்சலுக்குப் பின் ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றோட்டத்தில் வாழ்வதே ஆரோக்கியம் என்ற கொள்கை பரவி, அதற்கேற்பவே கொதிகலன்களைப் பெரிதாக அமைத்தார்கள் என்பர்.

மின்சாரத்தைக் குறித்து ஒரு வார்த்தை: இஸ்திரிப் பெட்டியும் ரேடியோவும் மட்டுமே இருந்த காலத்துக் கம்பிகளின்மேல் இன்று குளிர்சாதனம், மைக்ரோவேவ், இண்டக்ஷன் அடுப்பு, வெட்கிரைண்டர் எல்லாவற்றையும் சுமத்துகிறோம். மின்பெட்டியைத் திறந்து, எத்தனை ஆம்பியர் வருகிறது, அதற்கு மேல் வேண்டுமானால் கட்டடம் தருமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையிலிருந்த சுவரை இடித்து ‘ஓப்பன் கிச்சன்’ ஆக்கியிருப்பதுதான் தற்காலத்துப் புதுப்பித்தலின் மகுடம். தாளிக்கிற வழக்கமில்லாதவர்களுக்கு அது மிகவும் விசாலமான ஏற்பாடு. அக்காலத்துச் சமையலறைக்கு ஜன்னல் உண்டு, புகையை வெளியே போக்கும் குழல் அநேகமாகக் கிடையாது. அடுப்புக்கு மேல் மாட்டியிருக்கும் பளபளப்பான கருவி புகையை இழுத்து, வடிகட்டி, மறுபடியும் அறைக்குள்ளேயே விடுகிறது. கடுகும் பெருங்காயமும் வாரத்துக்கு ஏழு நாளும் பொரியும் வீட்டில், சோபாவும் திரைச்சீலையும் ஒரே மாதத்தில் ரசவாசனை கொள்ளும்; தாழ்வாரத்து அயலாரும் அதில் பங்கு பெறுவர். சுவரோடு கூடிய சமையலறையுள்ள, யாரும் புதுப்பிக்காத வீடு அதே கட்டடத்தில் விலைக்கு வந்தால், நான் அதையே முதலில் பார்க்கப் போவேன்.

புதுப்பித்தலில் எது கண்ணுக்குத் தெரியாதோ அதுவே ஆபத்து என்பதை நான் பிறர் சொல்லிக் கற்கவில்லை. நான் முதன்முதலில் வாங்கிய குடித்தனத்தில் அடுப்பு இருந்த இடம் மிகவும் வசதியாக, ஜன்னலோரத்தில் அமைந்திருந்தது. அசல் வரைபடத்தில் அது எதிர்ச்சுவரில் இருந்தது என்பதும், முந்தைய உரிமையாளர் அனுமதியும் இல்லாமல் உரிமம் பெற்ற பிளம்பரும் இல்லாமல் எரிவாயுக் குழாயைத் தரைக்கடியில் நகர்த்தியிருந்தார் என்பதும், நான் குடியேறிய இரண்டாம் வருஷம் கட்டடத்தின் எரிவாயுக் குழாய்களைப் பரிசோதிக்க ஆள் வந்தபோதுதான் வெளிவந்தது. அன்று மாலையே கட்டடம் முழுவதற்கும் எரிவாயுவை நிறுத்தினார்கள். ஐந்து மாத காலம் நாற்பத்தெட்டுக் குடித்தனங்கள் மின்தட்டில் சமைத்தன. லிப்டில் என்னோடு ஏறியவர்கள் ஒருவரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். ஆகையால் சொல்கிறேன்: வீட்டில் எந்தச் சுவர் இடிக்கப்பட்டதோ, எந்தக் குழாய் நகர்ந்ததோ, அதற்கு நகரக் கட்டடத் துறையின் அனுமதியும், வேலை முடிந்ததற்கான கையெழுத்தும், கட்டட நிர்வாகத்தோடு செய்துகொண்ட மாற்றியமைப்பு உடன்படிக்கையும் ஆகிய மூன்று காகிதங்களையும் கேளுங்கள். கட்டடத் துறையின் பதிவேடுகளை முகவரியைக் கொண்டு எவரும் பார்க்கலாம், கட்டணமில்லை. காகிதம் ஒன்றும் இல்லாத புதுப்பித்தலைப் புதுப்பித்தல் என்று சொல்லலாகாது. பூசி மெழுகுதல் என்பதே சரி.

ஜாக்ஸன் ஹைட்ஸின் மையப் பகுதி 1993ல் வரலாற்றுச் சிறப்புப் பேட்டையாக அறிவிக்கப்பட்டது என்பதால், அங்கே ஜன்னலை மாற்றுவதற்கும் வரலாற்றுச் சின்னங்களைக் காக்கும் லேண்ட்மார்க்ஸ் கமிஷனின் அனுமதி வேண்டும். அழகான புது ஜன்னல்களை அனுமதியின்றி வைத்துவிட்டு விற்றுப் போகிறவரின் குற்றம் அவரோடு போய்விடுவதில்லை; கட்டடத்தின் தலையில் நிற்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் கதையும் இதுவே: பழைய வடிகுழாய்கள் தாங்கா என்பதால் பல கட்டடங்கள் அதை வீட்டுக்குள் அனுமதிப்பதில்லை, ஆயினும் புதுப்பித்த வீடுகளின் அலமாரி அறைகளில் அது மடிப்புக் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதை நான் ஒரு தடவைக்கு மேல் கண்டிருக்கிறேன்.

இதுவரை சொன்னது வீட்டைப் பற்றி. இனிச் சொல்லப்போவது நம்மவர் பெரும்பாலோர் எதிர்பாராத விஷயம்: இத்தகைய கட்டடங்களில் பெரும்பாலானவற்றில் நீங்கள் வீட்டை வாங்குவதே இல்லை.

கோ-ஆப் என்று சொல்லப்படும் கூட்டுடைமை முறையில், நிலமும் கட்டடமும் ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்கள் வாங்குவது அந்தக் கம்பெனியின் பங்குகளை. அப்பங்குகளோடு ஒட்டி, இன்ன எண்ணுள்ள குடித்தனத்தில் வசிக்கும் பாத்தியத்தைத் தரும் குத்தகைச் சாசனம் ஒன்றும் கிடைக்கும். கிரயப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாலொழியத் தூக்கம் வராத பரம்பரையில் பிறந்தவர்களுக்கு இது மனத்தில் ஏறச் சிறிது காலம் பிடிக்கும். கூட்டுக் குடும்பத்தின் சொத்தைப் போல எண்ணிக்கொண்டால் விளங்கிவிடும்: அறை உங்களுடையது, ஆனால் கூரை ஒழுகினால் செலவு எல்லோருடையது, பெரியப்பா கடன்பட்டிருந்தால் அதுவும் எல்லோருடையது.

அந்தக் கடனைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். கட்டடத்தின் பேரில் கம்பெனி வாங்கிய அடமானக் கடன் ஒன்று பெரும்பாலும் இருக்கும்; அதன் வட்டி நீங்கள் மாதந்தோறும் கட்டும் மெயின்டெனன்ஸ் என்ற பராமரிப்புக் கட்டணத்துக்குள் அடங்கியிருக்கிறது. கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: கம்பெனிக்கு 1,00,000 பங்குகள், உங்கள் குடித்தனத்துக்கு 500, கட்டடத்தின் கடன் 40 லட்சம் டாலர். அப்படியானால் பங்குக்கு 40 டாலர் வீதம், வீட்டு விலைக்கு மேல் 20,000 டாலர் கடனையும் நீங்கள் மௌனமாகத் தோளில் ஏற்றுக்கொள்கிறீர்கள். அந்தக் கடன் நூற்றுக்கு மூன்றரை வட்டியில் வாங்கியது, அடுத்த வருஷம் தவணை முடிந்து நூற்றுக்கு ஆறரையில் புதுப்பிக்க வேண்டும் என்றால், கம்பெனிக்கு வருஷத்துக்கு 1,20,000 டாலர் கூடுதல். உங்கள் பங்குக்கு 600 டாலர், மாதம் 50. தொகை பெரிதல்ல, தெரிந்து கட்டுவதற்கும் தெரியாமல் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. கடன் முடியும் தேதி, கையிருப்பு நிதி, நடப்பிலிருக்கும் விசேஷ வசூல் ஆகிய மூன்றையும் வக்கீல் கேட்டுச் சொல்ல வேண்டும். விற்பவர், வாங்குபவர் இருவருக்கும் தனித்தனி வக்கீல் வைத்துக்கொள்வது நியூயார்க்கின் வழக்கம். விலை வாய்மொழியாகப் படிந்தபின்னும், இருவரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரை அது ஒருவரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்திடும்போது நூற்றுக்குப் பத்து முன்பணமாகக் கொடுப்பது மாமூல். அது விற்பவர் வக்கீலின் பொறுப்புக் கணக்கில் தங்கும்.

வக்கீல் செய்யும் வேலைகளில் தலையாயது போர்டு என்னும் கம்பெனி நிர்வாகக் குழுவின் கூட்டக் குறிப்புப் புத்தகத்தை வாசிப்பது. வரவு செலவுக் கணக்கு, நடந்ததைச் சொல்லும். குறிப்புப் புத்தகம் நடக்கப்போவதைச் சொல்லும். ‘கொதிகலன் பற்றி ஆலோசிக்கப்பட்டது’ என்று மூன்று கூட்டங்களில் தொடர்ந்து எழுதியிருந்தால் நான்காவது கூட்டத்தில் வசூல் வரும். ‘பி வரிசை நீர்க்கசிவு’, ‘எலி’, ‘தோட்டத்துச் சுவர்’, ‘இன்னாருடன் வழக்கு’ என்ற சொற்களைத் தேடச் சொல்லுங்கள். ஆறு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவரை ஐந்து வருஷத்துக்கொருமுறை பரிசோதிக்க வேண்டுமென்ற சட்டம் பல கம்பெனிகளின் கையிருப்பைக் கரைத்திருக்கிறது. ஜாக்ஸன் ஹைட்ஸின் தோட்டக் கட்டடங்களில் பல ஐந்து, ஆறு மாடியோடு நிற்பதால் இதிலிருந்து தப்பிவிடுகின்றன. ஆனால் 2024 முதல் நடைபாதையைப் பார்த்த மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்களை, கட்டடத்தின் உயரம் எதுவாயினும், வருஷந்தோறும் பரிசோதிக்க வேண்டும். 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கரியமிலவாயு வெளியீட்டின் வரம்பும் அதே வருஷம் அமலுக்கு வந்தது. 2030ல் அது இன்னும் இறுகும். எண்ணெய்க் கொதிகலன் வைத்திருக்கும் கட்டடம் அதற்கு என்ன உத்தேசித்திருக்கிறது என்று கேளுங்கள். தோட்டத்தைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: அதில் நடக்கலாமா, அல்லது ஜன்னலிலிருந்து பார்க்க மட்டும்தானா என்று. இரண்டு வகையும் உண்டு; மெயின்டெனன்ஸ் இரண்டுக்கும் கட்ட வேண்டும்.

இவ்வளவும் திருப்தியானபின், உங்களை அவர்கள் பரீட்சிக்கும் படலம் தொடங்குகிறது. இரண்டு வருஷத்து வருமான வரிக் கணக்கு, வங்கிக் கணக்குகள், வேலை பார்க்கும் இடத்துக் கடிதம், நற்சான்றுக் கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு கட்டாகத் தொகுத்துப் போர்டுக்குச் சமர்ப்பிக்க வேண்டும், பிறகு நேர்காணல். பெண் பார்க்க வருகிறவர்களைப் போல, முகத்தில் சிரிப்பும் கண்ணில் கணக்கும் வைத்துக்கொண்டு நாலைந்து பேர் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். இனம், மதம் முதலியவற்றைக் காரணமாகக் கொண்டு மறுப்பது சட்ட விரோதம். ஆனால் காரணமே சொல்லாமல் மறுக்கும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சமையலறையை இடித்துக் கட்டப்போகும் திட்டங்களை அன்றைக்கு விவரிக்க வேண்டாம். இன்னும் கையில் பங்குகளை வைத்திருக்கும் ஸ்பான்ஸரிடமிருந்து, அதாவது கட்டடத்தை முன்பு வாடகையிலிருந்து கூட்டுடைமைக்கு மாற்றிய முதலாளியிடமிருந்து வாங்கினால், பெரும்பாலும் இந்தப் பரீட்சை இல்லை. விலையில் அந்தச் சௌகரியமும் சேர்ந்திருக்கும். வீட்டு விதிகளையும் முன்கூட்டியே வாங்கி வாசியுங்கள். தரையில் நூற்றுக்கு எண்பது பங்கு கம்பளம் விரிக்க வேண்டும் என்ற விதி மிகச் சாதாரணம். காலை ஆறு மணிக்கு மரத்தரையின்மேல் வெட்கிரைண்டர் சுழலும் வீட்டார் அதைத் தங்களுக்கென்றே எழுதியதாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பந்தத்துக்கும், கிளோஸிங் என்னும் இறுதிக் கைமாற்றத்துக்கும் இடையே இரண்டு, மூன்று மாதம் ஓடிவிடும். கோ-ஆப்பில் அடமானப் பதிவு வரி இல்லை என்பது ஒரு லாபம். விலை பத்து லட்சம் டாலரைத் தொட்டால் வாங்குபவர் தலையில் குறைந்தது நூற்றுக்கு ஒன்று மாளிகை வரி விழும் என்பது ஒரு நஷ்டம். 9,99,000 என்ற விலையை இவ்வளவு அடிக்கடி காண்பதற்கு வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

கிளோஸிங்குக்கு முதல் நாள் அல்லது அன்று காலை, வீட்டைக் கடைசியாக ஒரு தடவை சுற்றிப் பார்க்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சாமான்கள் போய்விட்ட வீடு அப்போதுதான் உண்மையில் உங்கள் கண்ணுக்கு முதன்முதலாகத் தெரியும். படம் மாட்டியிருந்த இடத்து விரிசலும், கம்பளம் மறைத்திருந்த கறையும் வெளிவந்திருக்கும். எல்லா அடுப்புகளையும் ஏற்றுங்கள், எல்லாக் குழாய்களையும் திறங்கள், ஒவ்வொரு ஜன்னலையும் தூக்கி இறக்குங்கள். கோடைகாலத்தில் வாங்குபவருக்கு ஒன்று மட்டும் பாக்கி நிற்கும். நகரச் சட்டப்படி கட்டடம் வெப்பமூட்ட வேண்டிய பருவம் அக்டோபர் 1ஆம் தேதி தொடங்கி மே 31ல் முடிகிறது. வெளியே 55 டிகிரி பாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கினால் பகலில் உள்ளே 68 டிகிரி இருக்க வேண்டும். ஜூலை மாதத்தில் எந்த ரேடியேட்டரும் பேசாது. ஆகையால் எல்லா வால்வுகளையும் முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, சூப்பரின் தொலைபேசி எண்ணைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு, அக்டோபர் மாதத்து முதல் குளிர் இரவில் கொஞ்சம் விழித்திருங்கள். முதலில் அடித்தளத்திலிருந்து ஒரு முனகல் எழும்பும்; பிறகு குழாய் சூடேறும்; காற்றுத் துவாரம் பூனை சீறுவதுபோல் சிறிது சீறிவிட்டு, நீராவி எட்டியவுடன் தானாக வாயை மூடிக்கொள்ள வேண்டும். அப்படியின்றிச் சம்மட்டி அடிக்கத் தொடங்கினால், நள்ளிரவில் கூப்பிட வேண்டாம். காலை எட்டு மணிக்குக் கூப்பிடுங்கள், ரேடியேட்டரின் கால்களுக்கு அடியில் வைக்க இரண்டு மரச்சில்லுகளோடு சூப்பர் வருவார்.